புது ஏர் ரைஃபிள் குறியில் நிற்கவில்லை: கோளாறு துப்பாக்கியிலா, என்னிடமா?

கேள்வி, மார்ச் 3

வீடு சேலம் அஸ்தம்பட்டி. போன மாதம் ஒரு ஏர் ரைஃபிள் வாங்கினேன். ஸ்பிரிங் வகை, பேரலை மடக்கி ரவை (சிறு குண்டு) போடுவது. பெட்டியில் நொடிக்கு 1000 அடி என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. ஸ்கோப்பும் (குறி பார்க்கும் தொலைநோக்கி) கூடவே வந்தது. மொட்டை மாடியில் 10 மீட்டரில் அட்டை வைத்துச் சுடுகிறேன். ஐந்து ரவையும் ஐந்து பக்கம் போகிறது, ஒரு இட்லி அகலத்துக்குச் சிதறுகிறது. முதல் நாள் வெடிச்சத்தமும் புகையும் வேறு. கடையில் கேட்டால் 500 ரவை போனால் சரியாகிவிடும் என்கிறார்கள். 300 முடிந்துவிட்டது. யாருக்காவது இதே தொல்லை உண்டா அண்ணா?

மார்ச் 4

எனக்கு உண்டு. இரண்டு வருஷம் முன்னால் 18,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். ஏற்காட்டில் ஒண்டிக்கடையிலிருந்து கொஞ்சம் தள்ளி எங்கள் வீடு. பின்னால் மண்மேடு இருக்கிறது, அதன் முன்னால் அட்டை வைத்துச் சுடுவேன். முதல் மாதம் முழுக்க உங்கள் அட்டையைப் போலத்தான் என் அட்டையும் இருந்தது. 10 மீட்டரில் 7 சென்டிமீட்டர்.

புகைக்குக் காரணம் எண்ணெய். தொழிற்சாலையில் பூசிய எண்ணெய் சிலிண்டருக்குள் தங்கியிருக்கும். பிஸ்டன் காற்றை அமுக்கும்போது உள்ளே சூடேறி அந்த எண்ணெய் பற்றிக்கொள்கிறது, டீசல் இன்ஜின் மாதிரி. புதுத் துப்பாக்கியில் முதல் 50, 100 ரவைக்குக் கொஞ்சம் புகை வரலாம். 300-க்கு மேலும் படார் என்று வெடித்தால் நிறுத்திவிடுங்கள், ஸ்பிரிங்கும் வாஷரும் போய்விடும். குழலுக்குள் (பேரலுக்குள்) தையல் மெஷின் எண்ணெய் விடாதீர்கள். நான் விட்டேன், அன்று வந்த சத்தத்தில் பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் ஓடி வந்துவிட்டார்கள்.

அந்த 1000 அடிக்கு வருகிறேன். 1000 அடி என்றால் 305 மீட்டர். சாதாரண ஈய ரவை அரை கிராம். கணக்குப் போட்டால் ஆற்றல் 46 ஜூல் வருகிறது. உரிமம் இல்லாமல் வாங்குவதற்கு எல்லையே 20 ஜூல்தான். அப்படியானால் பெட்டியில் போட்டிருப்பது பொய், இல்லையென்றால் உங்கள் கையில் இருப்பது உரிமம் வாங்க வேண்டிய துப்பாக்கி.

மார்ச் 4, இரவு

மதியம் போட்ட கணக்கு தப்பு. எடையையும் வேகத்தின் வர்க்கத்தையும் பெருக்கிப் பாதியாக்க வேண்டும், பாதியாக்காமல் விட்டுவிட்டேன். சரியான விடை 23 ஜூல். அதுவும் 20-ஐத் தாண்டுகிறது, ஆனால் 46 இல்லை. ஈயம் கலக்காத லேசான ரவைகள் 0.35 கிராமில் கிடைக்கின்றன. அதைப் போட்டு 1000 அடி எடுத்தால் 16 ஜூல்தான், சட்டத்துக்குள் அடங்கிவிடும். பெட்டியில் இருக்கும் எண் அப்படி எடுத்ததாக இருக்கும். நாம் வாங்கிப் போடுவது ஈய ரவை.

என் துப்பாக்கியை நண்பரின் வேகமானியில் வைத்துப் பார்த்தேன். ஈய ரவைக்கு நொடிக்கு 208 மீட்டர், அதாவது 680 அடி. ஆற்றல் 11 ஜூலுக்குக் கொஞ்சம் கீழே. அட்டையில் ஓட்டை போட அது தாராளம். எனக்கு மனம் ஆறாதது பணத்தை நினைத்துத்தான். அந்த 1000 என்ற எண்ணைப் பார்த்துத்தான் 18,000 கொடுத்தேன்.

மார்ச் 5

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன், இது முக்கியம். மொட்டை மாடியில் சுடாதீர்கள் தம்பி. அஸ்தம்பட்டியில் நாலு பக்கமும் வீடு. குறி தவறிய ரவை கைப்பிடிச் சுவரைத் தாண்டினால் நூறு மீட்டருக்கு அப்பாலும் போகும், ஒரு கண் போக அது போதும். சுவர் மேல் பட்டாலும் திரும்பி வரும். மரப்பெட்டியில் மணல் நிரப்பி அதன் முன்னால் அட்டை வையுங்கள், தரைத்தளத்தில், பின்னால் ஆள் நடமாட்டம் இல்லாத சுவரைப் பார்த்து. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் அவர்களுக்கும்.

மார்ச் 7

ஸ்கோப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கூடவே வரும் ஸ்கோப்பை நம்ப வேண்டாம்.

ஸ்பிரிங் துப்பாக்கி இரண்டு தடவை உதைக்கும். விசையைத் (ட்ரிகரை) தட்டியதும் பிஸ்டன் முன்னால் பாயும், அதற்குத் துப்பாக்கி பின்னால் வரும். பிஸ்டன் முனையில் மோதி நின்றதும் துப்பாக்கி முன்னால் எகிறும். பெரிய துப்பாக்கியின் உதை ஒரே திசையில் இருப்பதால் அதற்கென்று செய்த ஸ்கோப் அதைத் தாங்கும். இந்த முன்னால் எகிறுவதை எல்லா ஸ்கோப்பும் தாங்காது, கண்ணாடி உள்ளே தளர்ந்துவிடும். ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் வளையமும் துப்பாக்கி மேலிருக்கும் தண்டவாளத்தில் பின்னால் நழுவும். என் துப்பாக்கியில் நழுவிய தடம் 4 மில்லிமீட்டருக்கு இருந்தது.

நான் ஸ்கோப்பைக் கழற்றிவிட்டு, பேரல் மேலேயே இருக்கும் குறிமுள்ளை வைத்துச் சுட்டேன். 7 சென்டிமீட்டர் 4 ஆனது. ஒரே நாளில். அதோடு ஸ்கோப்தான் குற்றவாளி என்று முடிவு கட்டி 5,500 ரூபாய்க்கு வேறு ஸ்கோப் வாங்கினேன். நீங்களும் மாற்றிவிடுங்கள்.

மார்ச் 8

துப்பாக்கியின் மரக்கட்டையைப் பிடித்திருக்கும் திருகுகளைப் பாருங்கள், முன்னால் இரண்டு, விசைக்குப் பக்கத்தில் ஒன்றோ இரண்டோ. 100 ரவைக்கு ஒரு முறை தளரும். காசு செலவில்லாத வேலை இது, முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

மார்ச் 15

பிடிக்கும் விதம். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அதனால் விரிவாக எழுதுகிறேன்.

ரவை குழலை விட்டு வெளியே போவதற்குள் துப்பாக்கி அசைய ஆரம்பித்துவிடுகிறது. அந்த அசைவைத் தடுக்க முடியாது. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அசைய விடலாம், அவ்வளவுதான் நம் கையில் இருப்பது. நான் தோளில் இறுக்கி, முன்பக்கக் கையால் கட்டையை நெரித்துப் பிடித்துச் சுட்டுக்கொண்டிருந்தேன். ஒரு முறை இறுக்கம் கூடும், ஒரு முறை குறையும், ரவையும் அதன்படி போகும்.

இப்போது இடது உள்ளங்கையை விரித்து, துப்பாக்கியின் எடை சமமாக நிற்கிற இடத்தில் கட்டையை அதன் மேல் வைக்கிறேன். விரல்கள் மூடுவதில்லை. ஆரத்தித் தட்டை ஏந்துகிற மாதிரி. தோளில் லேசாகத் தொட்டால் போதும், கன்னத்தை அழுத்தக் கூடாது. முதல் நாள் துப்பாக்கி கையை விட்டுப் போய்விடும் போலத் தோன்றும், போகாது. மணல் மூட்டை மேல் வைத்துச் சுடுவதாக இருந்தால் மூட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் கையை வையுங்கள். கட்டை நேராக மூட்டையில் பட்டால் குறி வேறெங்கோ போகிறது.

4 சென்டிமீட்டர் 3 ஆனது. அதற்குக் கீழே இறங்கவில்லை.

விசையும் ஒரு காரணம். என்னுடையது கனம், நடுவில் மணல் அரைபடுவது போல ஒரு தடங்கல். இழுத்து முடிப்பதற்குள் குறி வலப்பக்கம் நகர்ந்துவிடும். அதற்கு இன்று வரை பழகிக்கொண்டதுதான், தீர்வு இல்லை.

மார்ச் 22

ரவை. இதை எழுத எனக்கு ஆசை, ஏனென்றால் இது எங்கள் தொழிலோடு சேர்ந்தது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை எனக்கு. வெள்ளி எடை போடும் தராசு மில்லிகிராம் வரை காட்டும். ஒரு நாள் வேலை முடிந்த பிறகு, துப்பாக்கியோடு வாங்கிய டப்பாவிலிருந்து 50 ரவையை எடுத்து ஒவ்வொன்றாக நிறுத்தேன். குறைந்தது 0.46 கிராம், அதிகம் 0.55. ஒரே டப்பாவில்! கொலுசில் இவ்வளவு வித்தியாசம் வந்தால் பட்டறையை மூட வேண்டியதுதான். போட்டிகளில் சுடுபவர்கள் வாங்கும் ரவை ஒரு டப்பா வாங்கி நிறுத்தேன், 50-ம் 0.01 கிராமுக்குள் அடங்கின.

எடையோடு பாவாடையையும் பாருங்கள். ரவையின் பின்பக்கம் மெல்லிய பாவாடை போல விரிந்திருக்கும், காற்றழுத்தத்தில் அது விரிந்து குழலோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். டப்பா கீழே விழுந்தால் அது நசுங்கும். நசுங்கினதைத் தனியே எடுத்துவிடுங்கள். தலை அளவிலும் 4.50, 4.51, 4.52 மில்லிமீட்டர் என்று வகை உண்டு. எது உங்கள் குழலுக்குப் பொருந்தும் என்பது சுட்டுப் பார்த்துத்தான் தெரியும்.

நல்ல ரவையில் 3 சென்டிமீட்டர் 2.5 ஆனது. இரண்டு வருஷமாக அதிலேயே நிற்கிறது. குழலே மட்டம் என்று நினைக்கிறேன்.

மார்ச் 23

நடுவில் ஒருவர் கேட்டிருக்கிறார், தோட்டத்தில் குரங்குத் தொல்லைக்கு எந்த ஏர் ரைஃபிள் நல்லது என்று. எதுவும் நல்லதில்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, வழக்கு வரும். சட்டம் கிடக்கட்டும், ரவை பட்ட குரங்கை நான் பார்த்திருக்கிறேன். உடனே சாகாது. காயம் சீழ் பிடித்து, பத்து நாள் சில்வர் ஓக் மரத்தில் உட்கார்ந்தே கிடந்தது. யார் சுட்டது என்று தெரியவில்லை. எங்களுக்கும் பலாவும் கொய்யாவும் போகத்தான் செய்கிறது. நாய் வைத்திருக்கிறோம், பழுக்கும் முன் பறித்துவிடுகிறோம். இந்த இழையில் அட்டைக்குச் சுடுவதை மட்டும் பேசலாம்.

ஏப்ரல் 2

மார்ச் 7-ல் ஸ்கோப் பற்றி எழுதியது தவறு. நேற்றுத்தான் தெரிந்தது. அதைப் படித்துவிட்டு யாராவது ஸ்கோப் வாங்கியிருந்தால் மன்னியுங்கள்.

சேலத்தில் குகை என்கிற பகுதியில் ஒரு பெரியவர் லேத் பட்டறை வைத்திருக்கிறார், 70 வயதுக்கு மேல். விசையில் இருக்கும் அந்தத் தடங்கலுக்கு ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்கத்தான் போனேன். அவர் விசையைப் பார்க்கவே இல்லை. கட்டையைத் தொடைக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, பேரல் நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தார். "கண்ணு, இது ஆடுது பாரு" என்றார். எனக்குத் தெரியவில்லை. என் விரலை எடுத்துக் கீல் பக்கத்தில் வைத்துவிட்டு மறுபடி அசைத்தார். டிக் என்று விரலில் பட்டது.

பேரலை மடக்கித் திறக்கிற கீலில் ஆட்டம். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) விட்டுப் பார்த்தார், 0.1 மில்லிமீட்டர். கீல் பிடித்திருக்கும் நீளம் சுமார் 50 மில்லிமீட்டர். 50-க்கு 0.1 என்றால் 10 மீட்டரில் 2 சென்டிமீட்டர். என் 2.5-ல் பெரும்பகுதி அதுதான். மடக்கி மூடும் ஒவ்வொரு முறையும் பேரல் ஒரு மயிரிழை இப்படியோ அப்படியோ உட்கார்ந்திருக்கிறது.

ராத்திரி படுத்த பிறகுதான் இன்னொன்று உறைத்தது. ஸ்கோப்பைக் கழற்றியதும் 7 சென்டிமீட்டர் 4 ஆனதே, அதற்கும் இதுதான் பாதிக் காரணம். ஸ்கோப், துப்பாக்கியின் உடம்புக் குழாய் மேல் இருக்கிறது. பேரல் எப்படி உட்கார்ந்தாலும் ஸ்கோப்புக்குத் தெரியாது. என் துப்பாக்கியில் முன்முள், பின்முள் இரண்டுமே பேரல் மேல் இருக்கின்றன. பேரல் சாய்ந்தால் அவையும் சேர்ந்து சாயும், கண் அதைச் சரிசெய்துவிடும். சந்தேகம் தீர, பழைய ஸ்கோப்பை நண்பரின் துப்பாக்கியில் புது வளையம் போட்டு மாட்டிச் சுட்டோம். 60 ரவைக்கு அசையாமல் நின்றது. வளையம் நழுவியது உண்மை. ஸ்கோப் நல்ல ஸ்கோப். 5,500 ரூபாய் வீண்.

குழல் மட்டம் என்று மார்ச் 22-ல் எழுதியதையும் இப்போதைக்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

ஏப்ரல் 3

எல்லோரும் இன்றே பாருங்கள்: துப்பாக்கியில் ரவை இல்லை, ஸ்பிரிங் ஏற்றவில்லை என்று உறுதி செய்துகொண்டு பேரலைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். விரல் கீலின் மேல் இருக்கட்டும். அப்புறம், பேரல் மூடுகிற இடத்தில் காற்று கசிகிறதா என்று பார்க்க, அந்த இணைப்பின் மேல் டிஷ்யூ காகிதத்தில் ஒரு துண்டு வைத்து, அட்டையைப் பார்த்து ரவையோடு ஒரு முறை சுடுங்கள். காகிதம் பறந்தால் அந்த இணைப்பில் இருக்கும் வாஷர் போய்விட்டது. ரவை இல்லாமல் வெறுமனே சுட்டுப் பார்க்க வேண்டாம். எதிரே காற்று மெத்தை இல்லாமல் பிஸ்டன் இரும்பில் மோதும்.

பின்பக்கத்தை மட்டும் கழற்றாதீர்கள். உள்ளே ஸ்பிரிங் அமுங்கிய நிலையிலேயே இருக்கும், கடைசித் திருகை எடுத்ததும் முகத்துக்கு வரும். அதற்கென்று அமுக்குப்பிடி வேண்டும்.

ஏப்ரல் 6

தயாரிப்பாளரிடம் ஏன் அனுப்பவில்லை என்று கேட்கிறீர்கள். அனுப்பினேன், வாங்கிய நாலாவது மாதமே. 47 நாள் கழித்துத் திரும்பி வந்தது. கட்டையில் ஒரு புதுக் கீறல். கூடவே ஒரு தாள், எல்லா அளவும் வரம்புக்குள் இருப்பதாக. கீலை யாராவது ஒரு தடவை அசைத்துப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். குகைப் பெரியவருக்கு அது ஒரு நிமிஷ வேலை.

ஏப்ரல் 19

மலையில் இருப்பவர்களுக்கு மட்டும். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தால் காற்றே வேறு. ஐப்பசி, கார்த்திகையில் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வரும். துப்பாக்கியை உறையில் போட்டு மூடி வைத்தால் ஈரமும் சேர்ந்து மூடிக்கொள்ளும். என் பேரலின் வெளிப்பக்கம் ஒரே மழைக்காலத்தில் செம்புள்ளி போட்டது. இப்போது உறை இல்லாமல், எண்ணெய்த் துணியால் துடைத்து, பூட்டிய மர அலமாரியில் நிற்கவைக்கிறேன். மரக்கட்டையும் ஈரத்தில் ஊதும், திருகு தளர்வதும் இறுகுவதும் அதனாலும்தான். மார்ச் 8 குறிப்போடு இதையும் சேர்த்துப் படியுங்கள்.

மே 3

அஸ்தம்பட்டித் தம்பி எழுதியிருக்கிறார். அவருடையதிலும் கீல் ஆடுகிறதாம். கடையில் 'சுட்டுவிட்டீர்கள், திரும்ப எடுக்க முடியாது' என்கிறார்களாம்.

சுடாமல் எப்படிக் கோளாறு தெரியும்? விட்டுவிடாதீர்கள். பில், வாங்கும்போது அடையாளச் சான்று கொடுத்த பதிவு, ஐந்து ரவை அட்டைகள் தேதி போட்டு, பேரல் ஆடுவதை எடுத்த வீடியோ, எல்லாம் சேர்த்து முதலில் எழுத்து மூலம் கடைக்கும் தயாரிப்பாளருக்கும் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் நகரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. நான் இதைச் செய்யவில்லை. அந்தத் தாளைப் பார்த்ததும் நம்மிடம்தான் குறை என்று அடங்கிவிட்டேன். அதுதான் இன்றும் உறுத்துகிறது.

மே 18

கோடை விழாக் கூட்டம், ஏற்காட்டில் வண்டி நகரவில்லை. சேலத்திலேயே தங்கிவிட்டேன். அண்ணன் மகள் ஒரு சுடுதல் கிளப்பில் பயிற்சிக்குப் போகிறாள், கூடப் போயிருந்தேன்.

பயிற்சியாளர் அனுமதியோடு போட்டித் துப்பாக்கியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அடைத்த காற்றில் இயங்குவது, ஸ்பிரிங் இல்லை. விசை என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை, நினைத்ததும் போய்விட்டது. உதை கிடையாது. வேகம் நொடிக்கு 170 மீட்டர் அளவில்தான் இருக்கும் என்றார், 8 ஜூல் கூட இல்லை. என்னுடையதைவிட மெதுவானது! அதை வைத்துக்கொண்டு 45.5 மில்லிமீட்டர் அகல வட்டத்தில், நடுவில் 0.5 மில்லிமீட்டர் புள்ளியைத் தேடுகிறார்கள். 2008-ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது இந்த 10 மீட்டர் ஆட்டத்தில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனும் இதே ஆட்டம்தான்.

விலை லட்சங்களில், அதை வாங்கச் சொல்லவில்லை. கடையில் நான் வேகத்தைக் கேட்டேன். விசை எப்படி, கீல் ஆடுகிறதா, எந்த ரவை போடலாம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவள் 40 ரவை சுட்டாள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் துப்பாக்கியை இறக்கி மூச்சு விட்டாள். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஜூன் 9

பெரியவர் வேலையை முடித்துக் கொடுத்தார். ஃபீலர் கேஜிலிருந்தே ஒரு இதழை வெட்டி, நடுவில் ஓட்டை போட்டு, கீலின் ஒரு பக்கம் வைத்தார். போல்ட்டை மாற்றினார். 350 ரூபாய். பேரல் இப்போது திறக்கும்போது கொஞ்சம் கனமாக இருக்கிறது, அசைத்தால் அசையவில்லை.

நேற்றுக் காலை பனி விலகினதும் சுட்டேன். அதே மண்மேடு, அதே 10 மீட்டர், நிறுத்து எடுத்த ரவை, புது ஸ்கோப். முதல் ஐந்து 14 மில்லிமீட்டர். இரண்டாவது ஐந்து 13. மூன்றாவது ஐந்தில் நாலு ஒரே ஓட்டையைச் சுற்றி, ஐந்தாவது 20 மில்லிமீட்டர் வலப்பக்கம். அது விசை, இழுக்கும்போதே தெரிந்தது. குழல் மேல் பழி போட்டது முழுத் தப்பு.

தம்பிக்குக் கடையில் மாற்றித் தர ஒப்புக்கொண்டார்களாம், எழுத்தில் கேட்ட பத்தாவது நாள். புதுசு வாங்கும்போது கடையிலேயே கட்டையைத் தொடைக்கு நடுவில் இடுக்கி, நுனியைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். அவர்கள் முறைத்தால் முறைக்கட்டும். இரண்டாவதும் ஆடினால் மூன்றாவதை எடுக்கச் சொல்லுங்கள்.

வரும் சனிக்கிழமை விசையை எடுத்துக்கொண்டு மறுபடி குகைக்குப் போகிறேன்.